கொங்குப் பன்றிக்கறி விருந்துக்குப் பழைய ஒயின்

பழைய ஒயினை மிளகாய் கொன்றுவிடும் என்று சொல்லி, நம் சாப்பாட்டுப் பக்கமே அதை அண்டவிடாமல் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். மிளகாய் கொல்லும் என்பது உண்மைதான். ஆனால் கொங்குச் சமையல் மிளகாயின் மேல் நிற்கும் சமையல் இல்லை. மல்லி, சின்ன வெங்காயம், மஞ்சள், தேங்காய், மிளகு, சீரகம் என்று மெதுவாக மணக்கும் சரக்குகள்தான் எங்கள் பக்கத்துக் குழம்புக்கும் வறுவலுக்கும் அடித்தளம். காரம் அதற்கு மேல் ஏற்றுவது. அதைப் பாதியாக இறக்கினாலும் கறி தன் குணத்தை விடாது. இறக்கிப் பாருங்கள், பதினைந்து வருடம் பழுத்த ஒயினும் வெண்பன்றிக் கறியும் ஒன்றையொன்று தூக்கிவிடுவது நாக்கிலேயே தெரியும்.

நான் திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மெர்ச்சண்டைசர். ஸ்பெயினிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் சரக்கு வாங்க வரும் பையர்கள் கையில் ஒரு பாட்டிலோடு வருவார்கள். வேலை முடிந்த பிறகு அவர்களைக் காங்கேயம் பக்கம் இருக்கும் எங்கள் சாளைக்கு, அதாவது தோட்டத்து வீட்டுக்கு, அழைத்துப் போய்ச் சாப்பாடு போடுவது வழக்கம். ஒயினைப் பற்றி அவர்களிடம் கற்றேன். பன்றிக்கறியைப் பற்றி என் மாமியாரிடம் கற்றேன். அவருக்கு ஊர் பள்ளிபாளையம். காவிரிக்கு இந்தக் கரையில் ஈரோடு, அந்தக் கரையில் பள்ளிபாளையம். அந்த ஊர்ப் பெயரிலேயே ஒரு வறுவல் இருப்பது எல்லோருக்கும் தெரியும்.

கீழே உள்ள கணக்கு எட்டுப் பேருக்கானது. ஐந்து வகை, ஐந்து பாட்டில். 750 மி.லி. பாட்டிலில் ஆளுக்கு 75 மி.லி. ஊற்றினால் 600 போகும். மீதியில் அடி வண்டலும், ஊற்றுமுன் ருசி பார்ப்பதும் அடங்கிவிடும். முதல் வகைக்கும் கடைசி இனிப்புக்கும் வரும் ஒயின்களில் ஆல்கஹால் அதிகம், 40 மி.லி. போதும். ஆக மொத்தம் ஒருவருக்கு 300 மி.லி.யை ஒட்டி வரும். அதற்கு மேல் ஊற்றினால் மூன்றாவது வகையோடு நாக்கு மரத்துவிடும். வீட்டுக்கு வண்டி ஓட்டிக்கொண்டு போகவேண்டியவருக்கு ஊற்றாதீர்கள். டிரைவரையோ தங்கும் இடத்தையோ முன்பே ஏற்பாடு செய்துவிடுங்கள்.

பாட்டில் எங்கே கிடந்தது என்று கேளுங்கள்

எத்தனை வருடத்து ஒயின் என்று கேட்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இது. ஒயின் நன்றாகப் பழுப்பதற்கு 12, 13 டிகிரி வெப்பம், இருட்டு, ஆட்டம் அசைவில்லாத இடம், தக்கை காய்ந்து போகாத அளவு ஈரக்காற்று வேண்டும். எங்கள் பக்கம் ஏப்ரல், மே மாதங்களில் 38 டிகிரியைத் தாண்டும். பரணில் ஒரே ஒரு கோடையைக் கழித்த பாட்டில், லேபிளில் எவ்வளவு பெரிய பெயர் இருந்தாலும், வெந்துபோன பழக்கூழ் வாசம்தான் அடிக்கும். உறவினர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து இரும்பு பீரோவில் துணிகளுக்கு நடுவே பத்து வருடம் பாதுகாத்ததைப் பெருமையோடு எடுத்து வைப்பார். அன்புக்கு நன்றி சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் விருந்தை அதன்மேல் கட்டாதீர்கள்.

பாட்டிலைக் கையில் எடுத்ததும் மூன்று இடங்களைப் பாருங்கள். தக்கை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டு நிற்கிறதா? மூடித் தகட்டின் ஓரத்தில் பிசுபிசுப்பு வழிந்த தடம் இருக்கிறதா? நிமிர்த்தி வைத்தால் ஒயினின் மட்டம் கழுத்தில் நிற்காமல் தோள்பட்டைக்குக் கீழே இறங்கிவிட்டதா? மூன்றில் எதுவாக இருந்தாலும் அந்த பாட்டில் சூடு பட்டதாகவோ காற்று புகுந்ததாகவோ இருக்கலாம்.

வீட்டில் வைத்துப் பழுக்கவைக்க ஆசை இருந்தால், ஒயினுக்கென்றே விற்கும் குளிர்பெட்டி வாங்கி இன்வெர்ட்டரில் இணைத்துவிடுங்கள். அது முடியாதவர்களுக்கு நான் சொல்லும் வழி வேறு: தயாரித்தவரே பழுக்கவைத்து விற்கும் ஒயின்களை வாங்குங்கள். ஸ்பெயின் நாட்டு ரியோஹாவில் கிரான் ரெசெர்வா என்று லேபிள் ஒட்ட வேண்டுமானால் குறைந்தது ஐந்து வருடம் அங்கேயே கிடந்திருக்க வேண்டும், அதில் இரண்டு வருடமாவது மரப்பீப்பாயில். போர்ச்சுகலின் டானி போர்ட் என்ற இனிப்பு ஒயின் 10, 20, 30, 40 வருடம் என்று குறித்தே வருகிறது. பீப்பாயிலேயே முதிர்ந்து, குடிக்கும் பக்குவத்தில் பாட்டிலில் அடைபடுகிறது. போர்ச்சுகலின் மடெய்ரா தீவிலிருந்து அதே பெயரில் வரும் ஒயினும் அப்படியே. இவற்றை வாங்கிய சில மாதங்களுக்குள் குடித்துவிடலாம். அதுவரை ஃபிரிஜ்ஜின் காய்கறி அறை போதும்.

வெளிநாட்டிலிருந்து வருபவரிடம் சொல்லி அனுப்பும்போது, சுங்கவரி இல்லாமல் ஒருவர் கொண்டுவரக்கூடியது 2 லிட்டர் என்பதை நினைவில் வையுங்கள். சாதாரண பாட்டிலில் அது இரண்டு. மூன்றாவது பாட்டில் வரம்பைத் தாண்டிவிடும். குடும்பமாக வருபவர்களிடம் பிரித்துக் கொடுக்கச் சொன்னால் ஒரு விருந்துக்கு வேண்டியது வந்து சேரும்.

கறி

வெண்பன்றி இறைச்சி என்று பலகை மாட்டிய கடைகள் எங்கள் பக்கத்தில் எல்லா ஊரிலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் திறந்திருக்கும். பண்ணையில் வளர்த்த வெள்ளைப் பன்றிதான் வேண்டும். தெருவில் மேய்ந்த பன்றியின் கறியைத் தொடவே கூடாது. அதில் நாடாப்புழுக் கட்டிகள் இருக்கும் ஆபத்து உண்டு. பண்ணைக் கறியாக இருந்தாலும் நடுவில் சிவப்பு இல்லாமல் வேகவிடுங்கள். தெர்மாமீட்டர் இருந்தால் 71 டிகிரி.

எட்டுப் பேருக்கு மொத்தம் இரண்டே முக்கால் கிலோ. ரசத்துக்கு நெஞ்செலும்பு முக்கால் கிலோ, தோலோடு கொழுப்பும் கறியும் அடுக்கடுக்காக இருக்கும் வயிற்றுப் பகுதி அரைக் கிலோ, வறுவலுக்குத் தொடையில் கொழுப்பு ஒட்டியதாக முக்கால் கிலோ, குழம்புக்கு முன்சப்பை எலும்போடு முக்கால் கிலோ. வயிற்றுப் பகுதியை மட்டும் துண்டு போடாமல் ஒரே பட்டையாகக் கேட்டு வாங்குங்கள், அதுவும் முந்தின நாளே. கடைக்காரர் பழக்கத்தில் கத்தியை வைத்துவிடுவார். எடை போடுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் பன்றிக்கறியை உள்ளே சமைக்க மாட்டார்கள். வாசலிலோ தோட்டத்திலோ தனி அடுப்பு, தனிச் சட்டி. அந்த வழக்கம் இந்த விருந்துக்கு உதவியாகவே இருக்கிறது. வறுவல் புகையும் தாளிப்பு நெடியும் சாப்பிடும் இடத்துக்கு வராது. கிளாஸிலிருந்து எழும் வாசம் கெடாது. ஒரம்பரையில், அதாவது விருந்துக்கு வரும் உறவினர்களில், பன்றிக்கறி சாப்பிடாதவர்கள், மது தொடாதவர்கள் இருப்பார்கள். என்ன சமைக்கிறோம், என்ன ஊற்றுகிறோம் என்று அழைக்கும்போதே தெளிவாகச் சொல்லிவிடுவதுதான் மரியாதை.

காரத்தை எங்கே குறைப்பது

வயதான ஒயினில் இளம் ஒயினின் முரட்டுப் பழச்சுவை அடங்கி, காய்ந்த இலை, தோல், காளான், உலர்ந்த அத்தி என்று மெல்லிய வாசங்கள் மேலே வந்திருக்கும். நாக்கு எரிந்துகொண்டிருந்தால் அவற்றில் ஒன்றுகூடப் பிடிபடாது. ஆல்கஹால் மிளகாயின் எரிச்சலைக் கிளப்பிவிடும். சிவப்பு ஒயினின் துவர்ப்பும் அந்த எரிச்சலில் கசப்பாக மாறும். அதனால் மிளகாயில் காரத்தைக் கழித்து மணத்தை மட்டும் எடுக்க வேண்டும். பியாடகி மிளகாய் இதற்குத் தோது. நிறமும் வாசமும் கொடுக்கும், எரிக்காது. கிள்ளி, விதையைத் தட்டிக் கொட்டிவிட்டுத் தோலை மட்டும் போடுங்கள். மிளகுக் காரம் வேறு வகை, தொண்டையில் எழுந்து சீக்கிரம் இறங்கிவிடும். அதற்கு ஒயின் ஈடுகொடுக்கும்.

மேசையில் ஊறுகாய் வேண்டாம். பச்சை வெங்காயத்தில் எலுமிச்சை பிழிந்த தொட்டுக்கையும் வேண்டாம். மல்லிகைப்பூ, ஊதுபத்தி, சாம்பிராணி மூன்றையும் அன்று மாலைக்கு ஒதுக்கி வையுங்கள். வெற்றிலை எல்லாம் முடிந்த பிறகு.

நம் இலைச் சாப்பாட்டு வழக்கத்திலிருந்து மாற வேண்டிய இடம் இது ஒன்றுதான்: எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பரிமாறக் கூடாது. ஒரு வகை, ஒரு ஒயின், பத்து நிமிடம் பேச்சு, பிறகு அடுத்தது. அளவு சின்னதாக இருக்கட்டும். இரண்டாம் முறை வைத்துக்கொள்ளச் சொல்லி வற்புறுத்துவதையும் அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

எலும்பு ரசமும் மடெய்ராவும்

நெஞ்செலும்பை மஞ்சளும் உப்பும் போட்டு அரைமணி நேரம் கொதிக்கவிட்டு, மேலே திரளும் கொழுப்பை வழித்து எடுங்கள். அந்தச் சாற்றில் வறுத்துப் பொடித்த கொள்ளு இரண்டு ஸ்பூன், தட்டிய மிளகு, சீரகம், பூண்டு. புளி கொஞ்சம்போலக் கரைத்து ஊற்றலாம். சிறிய கிண்ணத்தில் சூடாகக் கொடுங்கள்.

இதற்கு மடெய்ராவில் செர்சியால் என்னும் வகை, பத்து வருடத்தது. இனிப்பு குறைந்தது, புளிப்பு தூக்கலானது. ரசத்தின் புளிப்புக்கும் கொள்ளின் வறுத்த மணத்துக்கும் அது எதிரே நின்று பதில் சொல்லும். கொங்கு நாட்டுக்காரன் என்ற முறையில் எனக்கு மடெய்ராமேல் தனி மரியாதை உண்டு. மற்ற ஒயின்கள் சூட்டில் சாகின்றன. இது சூட்டில்தான் பிறக்கிறது. கப்பலில் ஏற்றி வெப்ப நாடுகளைச் சுற்றி வந்த பீப்பாய்களில் ஒயின் மேலும் ருசியானதைக் கண்டவர்கள், பிறகு தீவிலேயே அதைச் சூடாக்கிப் பழுக்கவைக்கத் தொடங்கினார்கள். இன்றும் நல்ல மடெய்ராவை வெயில் தாக்கும் மாடி அறைகளில் பீப்பாயில் வருடக்கணக்கில் கிடத்துகிறார்கள். முந்தின நாளே திறந்து வைத்துவிடுங்கள். காற்றுப் பட்டால்தான் அது விரியும்.

மொறுமொறு தோலும் ரீஸ்லிங்கும்

வயிற்றுப் பட்டையை மஞ்சள் உப்பு போட்டு முக்கால் பதம் வேகவைத்து, ஈரம் துடைத்து, இரவு முழுவதும் ஃபிரிஜ்ஜில் மூடாமல் வையுங்கள். தோல் காய்ந்தால்தான் பொரியும். மறுநாள் இரும்புச் சட்டியில் தோல் கீழாக வைத்துச் சின்னத் தீயில் விட்டால் தன் கொழுப்பிலேயே வேகும். எண்ணெய் வேண்டாம். சட்டியில் சடசடப்பு அடங்கும்போது தோல் கண்ணாடிபோல் ஆகியிருக்கும். விரல் அகலத்துக்கு நறுக்கி, வறுத்த மல்லியும் மிளகும் பொடித்துத் தூவுங்கள்.

இதற்கு ஜெர்மனியின் மோசெல் பள்ளத்தாக்கிலிருந்து ஷ்பேட்லேஸ வகை ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின், பத்து வருடமாவது ஆனது. லேசான இனிப்பு, கூர்மையான புளிப்பு, ஆல்கஹால் எட்டு சதவீதத்தை ஒட்டித்தான். புளிப்பு கொழுப்பை அறுத்துவிடும், இனிப்பு மிளகின் சுருக்கை ஆற்றும். மல்லி விதையில் இருக்கும் லினலூல் என்ற மணப்பொருள் ரீஸ்லிங் திராட்சையிலும் இருக்கிறது. மல்லிப்பொடி தூவச் சொன்னது அதற்காகத்தான்.

பழைய ரீஸ்லிங்கை முதல்முறை முகர்பவர்கள் மண்ணெண்ணெய் வாசம் வருகிறதே என்று கிளாஸைத் தள்ளி வைப்பார்கள். அது கெட்டுப்போன அடையாளம் இல்லை. அந்தத் திராட்சை வயதானால் வரும் இயல்பான வாசம். ஊற்றும் முன்பே சொல்லிவிடுங்கள். அடியில் தேனும் எலுமிச்சைத் தோலும் மணப்பதைத் தேடச் சொல்லுங்கள். 10 டிகிரியில் கொடுங்கள்.

பள்ளிபாளையமும் ரியோஹா கிரான் ரெசெர்வாவும்

விருந்தின் நடுநாயகம் இதுதான். பாட்டிலைத் தேர்ந்தெடுக்க ஒரே ஒரு வகைக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் இதற்குச் செலவழியுங்கள்.

பள்ளிபாளையம் வறுவலில் மசாலாப் பொடி கிடையாது, தக்காளி கிடையாது. மிளகாயைக் கிள்ளி விதையைக் கொட்டிவிட்டுத் தோலை மட்டும் போடுவது அதன் பழைய முறையிலேயே இருக்கிறது. ஒயினுக்காக நாம் புதிதாக எதையும் திணிக்க வேண்டியதில்லை, எண்ணிக்கையைக் குறைத்தால் போதும். என் மாமியார் முக்கால் கிலோவுக்குப் பதினைந்து மிளகாய் போடுவார். ஒயின் வைக்கும் நாளில் பியாடகியில் ஏழு போடச் சொன்னபோது, அப்புறம் அதற்கு என்ன பெயர் வைப்பது என்று கேட்டார். சமைத்து முடித்து ஒரு துண்டு வாயில் போட்டவர், வெங்காயம் இன்றைக்குத்தான் முன்னே வந்து நிற்கிறது என்றார். அன்றிலிருந்து ஏழுதான்.

கறியை அரை அங்குலத் துண்டாக, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொழுப்பு இருக்கும்படி வெட்டுங்கள். மஞ்சளும் உப்பும் போட்டு, மூழ்கும் மட்டும் தண்ணீர் விட்டு மூடி வேகவையுங்கள். இரும்புச் சட்டியில் ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெய் போதும். கறியே எண்ணெய் விடும். மிளகாய்த் தோல், கறிவேப்பிலை, பிறகு உரித்த சின்ன வெங்காயம் கால் கிலோ. பாதியை முழுதாகவும் பாதியைத் தட்டியும் போடுங்கள். தட்டியது கரைந்து கறியில் ஒட்டும், முழுதாகப் போட்டது இனித்துக்கொண்டு நிற்கும். வெந்த கறியைச் சேர்த்து, அதன் சாற்றைக் கரண்டி கரண்டியாக ஊற்றிச் சுண்டவிடுங்கள். அவசரப்பட்டுத் தீயை ஏற்றாதீர்கள். கறியின் ஓரம் பழுப்பு கட்டி, சட்டியின் அடியில் கொழுப்பு தெளிந்து நிற்கும் நேரத்தில், அரை மூடித் தேங்காயைப் பல்லுப் பல்லாகக் கீறிப் போட்டு இன்னும் பத்து நிமிடம். தேங்காயின் விளிம்பு மட்டும் பொன்னிறமானதும் இறக்குங்கள். உள்ளே வெள்ளையாக, ஈரத்தோடு இருக்க வேண்டும்.

இப்போது ஒயினுக்கு வருகிறேன். ரியோஹாவின் பழைய ஒயின் நிறுவனங்கள் அமெரிக்க ஓக் மரப் பீப்பாய்களைப் பயன்படுத்துகின்றன. அந்த ஓக்கில் லாக்டோன் என்ற பொருள் அதிகம். அதன் வாசம் தேங்காய் வாசம். ஆண்டுக்கணக்கில் பீப்பாயில் கிடந்த ஒயினில் அது ஊறி, காய்ந்த செர்ரி, தோல், புகையிலை வாசங்களோடு கலந்து நிற்கும். ஒரு தேங்காய்ப் பல்லைக் கடித்து, கொழுப்பு நாக்கில் படிந்திருக்கும்போதே ஒரு மிடறு உறிஞ்சிப் பாருங்கள். கறியில் கடித்த தேங்காய் கிளாஸுக்குள்ளிருந்து மறுபடி எழும்பி வரும். ஸ்பெயின் பையர் ஒருவர் தன் ஊரில் அந்த ஒயினை வருடக்கணக்கில் குடித்தவர். அந்த வாசத்தை வனிலா என்றே நினைத்திருந்ததாகச் சொல்லிவிட்டு, சட்டியிலிருந்த தேங்காயை மட்டும் பொறுக்கித் தின்றார்.

ஆரோ என்ற சிற்றூரில் 1877இல் தொடங்கிய லோபெஸ் தே எரேதியாவும் 1890இல் தொடங்கிய லா ரியோஹா ஆல்டாவும் இந்தப் பழைய பாணியை விடாதவை. விளைச்சல் ஆண்டு 2001, 2004, 2010 என்று கிடைத்தால் தயங்காதீர்கள். மூன்றுமே அங்கே உச்சத் தரம் பெற்ற ஆண்டுகள். புதிய பாணியில் பிரெஞ்சு ஓக்கில் வளர்த்து, கறுப்பாக, கனமாக வரும் ரியோஹாக்களும் உண்டு. நல்லவைதான், ஆனால் இந்தக் கறிக்கு வேண்டியது அவற்றில் இல்லை. கடையில் கேட்டு வாங்குங்கள்.

இத்தாலியின் பரோலோ வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். இருபது வருடம் ஆனாலும் அதன் துவர்ப்பு முழுதாக அடங்காது. மிளகாய்த் தோலோடு சேர்ந்தால் ஈறு இழுத்துப் பிடிக்கும்.

திறப்பதும் ஊற்றுவதும்

ஞாயிறு விருந்தென்றால் சிவப்பு ஒயின்களை வெள்ளிக்கிழமையே எடுத்து ஃபிரிஜ் கதவில் இல்லாமல் உள்தட்டில் நிமிர்த்தி வைத்துவிடுங்கள். வண்டல் அடியில் இறங்க ஒன்றிரண்டு நாள் வேண்டும். பழைய தக்கை பொலபொலவென்று உதிரும். திருகு கம்பியை விட, தக்கையின் இரு பக்கமும் நுழைந்து பிடிக்கும் இரட்டைத் தகட்டுத் திறப்பான் பாதுகாப்பு. அதையும் மீறி உடைந்தால் பதற வேண்டாம், உள்ளே தள்ளிவிட்டு டீ வடிகட்டியில் வடித்துக்கொள்ளலாம்.

ஒரு கண்ணாடிக் கூஜா எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டில் கழுத்துக்குப் பின்னால் மெழுகுவத்தியோ செல்போன் வெளிச்சமோ இருக்கட்டும். ஒரே சாய்வில், நிறுத்தாமல், மெதுவாக ஊற்றுங்கள். முதலில் செங்கல் நிறத்தில் தெளிவாக ஓடும். கடைசியில் கழுத்தை நோக்கிப் புகைபோல ஒரு கறுப்புக் கோடு ஊர்ந்து வரும். அது கழுத்தைத் தொடும் நொடியில் நிறுத்திவிடுங்கள். மிச்சம் இருப்பதை நினைத்து வருந்தி இன்னும் கொஞ்சம் சாய்த்தால் மொத்தக் கூஜாவும் கலங்கிவிடும்.

முகர்ந்து பாருங்கள். நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வந்தால் தக்கை கெட்டது. வினிகர் வாசம் வந்தால் ஒயினே போய்விட்டது. இரண்டுக்கும் வைத்தியம் இல்லை. அதற்காகவே திடமான இளம் பாட்டில் ஒன்றைக் கைவசம் வைத்திருப்பேன். நாசிக் பக்கத்து ஷிராஸ் எதுவானாலும் சமாளித்துவிடும். வெறும் தூசி வாசமோ அடைத்துக் கிடந்த அறை வாசமோ வந்தால் பத்து நிமிடம் பொறுங்கள், பெரும்பாலும் விலகிவிடும்.

சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் கொடு என்று படித்திருப்பீர்கள். அந்த அறை ஐரோப்பாவில் இருக்கிறது, 17 டிகிரி. எங்கள் சாளைத் திண்ணையில் மாலை ஏழு மணிக்கும் 30 இருக்கும். ஃபிரிஜ்ஜிலிருந்து எடுத்து இருபது, முப்பது நிமிடம் கழித்து, 13, 14 டிகிரியில் ஊற்றினால் கிளாஸில் தானாக ஏறிச் சரியான இடத்துக்கு வரும். கூஜாவைத் தண்ணீரும் நாலைந்து ஐஸ் துண்டும் போட்ட பாத்திரத்தில் நிறுத்தி வையுங்கள். கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். எல்லாப் பாட்டிலையும் முதலிலேயே திறந்து வரிசையாக வைப்பது பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் வயதான ஒயின் காற்றில் அரைமணி, ஒரு மணியில் சோர்ந்துவிடும். மடெய்ரா தவிர மற்றவற்றை அந்தந்த வகை அடுப்பிலிருந்து இறங்கும்போது திறவுங்கள்.

மல்லிக் குழம்பும் சிராவும்

மல்லி நாலு ஸ்பூன், மிளகு ஒன்றரை ஸ்பூன், சீரகம் ஒன்று. வெறும் சட்டியில் வாசம் வர வறுத்து, வதக்கிய சின்ன வெங்காயத்தோடும் இரண்டு துண்டு தேங்காயோடும் அம்மியில் அரையுங்கள். எலும்போடு இருக்கும் முன்சப்பைக் கறி இதில் ஒரு மணி நேரமாவது கொதிக்க வேண்டும். மஞ்சளை ஆரம்பத்திலேயே போட்டுவிடுங்கள். கடைசியில் தூவிய பச்சை மஞ்சள் ஒயினைக் கசக்கவைக்கும். புளி வேண்டாம். சந்தகையோடு, அதாவது எங்கள் பக்கத்து இடியாப்பத்தோடு, பரிமாறுங்கள். களி என்றாலும் சரிதான், ஆனால் நாலாவது வகையில் வயிறு அதைத் தாங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரான்சில் ரோன் ஆற்றின் வடபகுதியில் விளையும் சிரா என்ற சிவப்பு ஒயின் இதற்கு. கோர்னாஸ், எர்மிதாஜ் என்றால் பன்னிரண்டு வருடமாவது ஆகட்டும். குரோஸ்-எர்மிதாஜ் எட்டு வருடத்தில் பக்குவப்படும், விலையும் குறைவு. மிளகுக்கு மிளகு வாசம் கொடுக்கும் ரோட்டண்டோன் என்ற பொருள் சிரா திராட்சையிலும் இருப்பதை 2008இல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்தார்கள். குழம்பு மிளகும் ஒயின் மிளகும் ஒரே வாசம்தான். வயதான சிராவில் புகைபோட்ட இறைச்சி வாசமும் வரும். பன்றிக் குழம்பின் கொழுப்பு மினுங்கும் மேல்பரப்பை முகர்ந்துவிட்டு கிளாஸை முகருங்கள், நான் சொல்வது புரியும்.

இதற்குப் பிறகு ஒரு கை தயிர் சாதம் கேட்பவர்களுக்குக் கொடுங்கள், ஒயின் இல்லாமல். தண்ணீர் குடித்து, திண்ணையில் கால் நீட்டிக் கால்மணி உட்காரட்டும்.

கச்சாயமும் டானி போர்ட்டும்

பச்சரிசி மாவும் வெல்லப் பாகும் கலந்து சுட்ட கச்சாயம், முந்தின நாள் சுட்டதாக இருந்தால் இன்னும் நல்லது. இருபது வருட டானி போர்ட்டில் பாகு, வறுத்த முந்திரி, உலர்ந்த ஆரஞ்சுத் தோல் வாசங்கள் இருக்கும். வெல்லத்துக்கு இதைவிடப் பொருத்தமான துணையை நான் கண்டதில்லை. லேசாகக் குளிரவைத்து, சின்ன கிளாஸில். வண்டல் இருக்காது, வடிக்க வேண்டாம். கச்சாயத்துக்குப் பதில் ஒப்புட்டு, அதாவது போளி, வைத்தால் தேங்காய்ப் பூரணமாக இருக்கட்டும். பருப்புப் பூரணத்தின் மாவுத்தன்மை போர்ட்டை மந்தமாக்கும்.

மிஞ்சியவற்றில் மடெய்ராவை மூடி வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. டானி போர்ட் ஃபிரிஜ்ஜில் மூன்று, நான்கு வாரம் தாங்கும். ரீஸ்லிங் மறுநாள் வரை போகும். ரியோஹாவையும் சிராவையும் அன்றிரவே முடித்துவிடுங்கள். பள்ளிபாளையம் மிஞ்சினால் ஃபிரிஜ்ஜில் எடுத்து வைத்து, காலையில் அதே இரும்புச் சட்டியில் நன்றாகச் சூடாக்கி, குறைத்து வைத்த மிளகாயில் நாலைந்தைத் தாளித்துச் சேர்த்துப் பழைய சோற்றோடு சாப்பிடுங்கள். அதற்கு மோர் போதும்.